பழைய வால்வோ எக்ஸ்சி60 வாங்கலாமா? ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் 2019 மாடல் வால்வோ எக்ஸ்சி60 டீசல் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், 62,000 கிலோமீட்டர். அம்மாவுக்கு முழங்கால் வலி. உயரமான வண்டி என்றால் கதவைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுவார். இதில் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) வண்டியைத் தாழ்த்திக் கொடுத்ததும் யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். என் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

பயமும் அதில்தான். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் காற்று கசிகிறது என்கிறார் மெக்கானிக். 5 வருடத்துக்கு மேல் ஓட்டுபவர்கள் இந்த ஏர் சஸ்பென்ஷனை மாற்றினீர்களா, எவ்வளவு ஆனது? அப்புறம், எங்களுக்குத் தினமும் 6 கிலோமீட்டர்தான் ஓட்டம். சூடேறாமல் டிபிஎஃப் (டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்துக்கொள்ளுமே, வாரம் ஒருமுறை பைபாஸில் ஓட்டினால் போதுமா? இல்லை, கடனைக் கூட்டிப் புது பெட்ரோல் வண்டிக்கே போகலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.