அந்தோணியார் படத்துக்கு அடியில கடல் அட்டை: தம்பி படகை விட்டு இறங்கணுமா?

தங்கச்சிமடத்தான்:
ஒரு விஷயம் கேக்கணும், ஏசாதீங்க. என் தம்பி விசைப்படகுல கூலிக்கு போறான், மூணு வருசமா ஒரே ஓனர்ட்ட தான். போன வாரம் மடி வலையை தூக்கி கொட்டுனப்ப இறால், கணவாய், கழிவு மீனான சங்காயத்தோட கடல் அட்டையும் வந்திருக்கு. 2001ல இருந்து அதை பிடிக்க தடை, வந்தா திருப்பி கடல்ல தள்ளிருவாக. இந்த தடவை படகு ஓட்டுற டிரைவர் அதை எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ள அடியில போடச் சொல்லிருக்காரு. அந்த பெட்டி மூடியில அந்தோணியார் படம் ஒட்டிருக்கு, கச்சத்தீவு திருவிழாவுக்கு போனப்ப வாங்கிட்டு வந்தது, ஒரு ஓரம் உப்புத்தண்ணியில பிஞ்சு தொங்குது. கரைக்கு வந்ததும் பங்குக்கு மேல தனியா ரெண்டாயிரம் குடுத்துருக்காக. அன்னையில இருந்து பய சரியா சாப்பிடல. எங்க வீட்ல அப்பா ஆர்சி கத்தோலிக்கம், அம்மா சிஎஸ்ஐ சபை, அம்மா கொண்டாந்து மாட்டுன பலகை வாசல்ல இருக்கு, 'நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்'னு யோசுவா சொன்ன வசனம். அதுக்கு கீழயே உக்காந்திருக்கான். இறங்கணுமா வேணாமா?

மண்டபம் சாட்சி:
இதுல கேக்க என்ன இருக்கு பிரதர். இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய ஒருத்தனாலயும் முடியாதுன்னு மத்தேயு 6:24ல இயேசுவே சொல்லியாச்சு. நாளைக்கே இறங்கச் சொல்லுங்க. பேதுரு வலையை விட்டுட்டு தானே பின்னாடி போனாரு? தம்பிக்கும் ஊழிய அழைப்பு தான் இது.

வலைக்காரன்:
வந்துட்டாருய்யா. அதே பேதுரு, ஆண்டவர் உயிர்த்த பிறகு 'மீன் பிடிக்க போறேன்'னு கிளம்புனது யோவான் 21ல இருக்கே, 153 மீனுன்னு எண்ணி வேற வச்சிருக்காக. எல்லாரும் மைக் புடிச்சா மடி இழுக்குறது யாரு? இறங்குனா ஓனர்ட்ட முன்கூட்டி வாங்குன அட்வான்ஸை நீங்க கட்டுவீகளா?

வேர்க்காட்டு அக்கா:
தம்பி, அட்வான்ஸ் எவ்வளவு நிக்குது?

தங்கச்சிமடத்தான்:
அறுபதாயிரம்க்கா. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குனது.

வேர்க்காட்டு அக்கா:
அதான் நெனச்சேன். அந்த வசனத்துல ஊழியம்னு நம்ம படிக்கிற இடத்துல கிரேக்கத்துல அடிமை வேலைக்குள்ள சொல்லு தான் இருக்கு. ரெண்டு ஓனர்ட்ட கூலி பாக்கலாம், காலையில இங்க சாயங்காலம் அங்க, ஆனா ரெண்டு பேருக்கு அடிமையா இருக்க முடியாது. இது நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கவே வேணாம், அட்வான்ஸ் கழியாம அடுத்த படகுல காலு வைக்க முடியுமா? அப்ப தம்பிக்கு ஏற்கனவே ஒரு எஜமான் இருக்காரு, அறுபதாயிரம் ரூபாய். அட்டை எல்லாம் அதுக்கு பிறகு தான்.

உபதேசியார் மகன்:
நம்ம மாவட்டத்து ஓரியூரை மறந்துட்டு பேசுறீக. அருளானந்தர் சாமி போர்ச்சுகல்ல லிஸ்பன் அரண்மனையில இளவரசரோட வளர்ந்தவரு, அந்த இளவரசரே பின்னாடி ராஜாவாகி இங்கயே இருங்கன்னு கேட்டும் இருக்காம மறவர் சீமைக்கு திரும்பி வந்து 1693 பிப்ரவரி 4ல ஓரியூர்ல தலையை குடுத்தாரு. அவர் கணக்கு பாத்தாரா? அவர்ட்ட ஞானஸ்நானம் வாங்குன தடியத்தேவர் கணக்கு பாத்தாரா? பல பொண்டாட்டி இருந்தும் ஒருத்தியோட மட்டும் வாழுறேன்னு முடிவெடுத்தாருல்ல.

வேர்க்காட்டு அக்கா:
ஓரியூர் செம்மண்ணை நானும் நெத்தியில பூசுனவ தான். ஆனா சின்ன வயசுல இருந்து ஒரு கேள்வி உண்டு, தடியத்தேவர் முடிவெடுத்தாரு சரி, விட்ட பொண்டாட்டிகளை யாரு கேட்டா? அதுல ஒருத்தி சேதுபதி ராஜா வீட்டுப் பொண்ணுங்கிறதால அரண்மனை வரைக்கும் போயி அழ முடிஞ்சுது, அதுல தான் சாமிக்கே சாவு வந்துச்சு. மத்தவுக? யோசுவா 'என் வீட்டாரும்'னு ஒரே மூச்சுல சொல்லிட்டாரு, வீட்டுல அரிசி வாங்குறவளை கேட்டாரான்னு தெரியல.

மண்டபம் சாட்சி:
சிஸ்டர் வசனத்தையே குத்தம் சொல்றீங்க. யோசுவாவும் லேசா விடல, 24:19ல 'நீங்கள் கர்த்தரைச் சேவிக்கமாட்டீர்கள்'னு ஜனத்த பாத்து மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. சும்மா பலகை மாட்டுறவங்களுக்கு தான் அது.

வலைக்காரன்:
இது நல்ல அடி, ஒத்துக்கிறேன். ஆனா லூக்கா 3ஐயும் படிங்க. வரி வாங்குறவன், பட்டாளத்தான் எல்லாம் ஞானஸ்நானம் குடுத்த யோவான்ட்ட வந்து நாங்க என்ன செய்யணும்னு கேக்குறாக. வேலையை விடுன்னு ஒருத்தனையும் சொல்லலையே, குறிச்சதுக்கு மேல வாங்காதே, உன் சம்பளம் போதும்னு தானே சொன்னாரு? அதான் தம்பிக்கும். படகுல இருக்கட்டும், அட்டையை தொடாம இருக்கட்டும், அந்த ரெண்டாயிரத்த திருப்பி குடுக்கட்டும்.

தங்கச்சிமடத்தான்:
அண்ணே நீங்க சொன்னதை அப்படியே டிரைவர்ட்ட சொல்லிட்டான் இன்னைக்கு. அவரு கோவப்படக்கூட இல்ல, 'சரிடா, உன் கை படாம நாங்க எடுத்துக்கிறோம், நீ அந்த பக்கம் திரும்பி இறாலை பொறுக்கு'ன்னுட்டாரு.

மண்டபம் சாட்சி:
பிலாத்துவும் கையை கழுவுனான் பிரதர்.

வேர்க்காட்டு அக்கா:
பிலாத்துக்கு அட்வான்ஸ் இல்ல. நாட்டுப்படகுல ஆள் தேவைன்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாக, மீன்பாடு கம்மி தான், அறுபதாயிரம் கழிய ரெண்டு வருசமாவது ஆகும். ஓனர்ட்ட தவணை பேசலாம், நாங்களும் கூட வாறோம். வேணும்னா இன்பாக்ஸ்ல சொல்லுப்பா.

தங்கச்சிமடத்தான்:
சொல்றேன்க்கா. நாளைக்கு சனி, கடலுக்கு போக டோக்கன் போட்டாச்சு, கரை வர ஞாயிறு காலையாகும். அந்த ரெண்டாயிரத்த டிரைவர் வாங்கிக்கல, பலகைக்கு பின்னாடி சொருகி வச்சிருக்கான். அம்மா ரெண்டு தடவை கேட்டுட்டாக, மளிகைக்கடை பாக்கிக்கு எடுக்கவான்னு.