உதவி: மச்சினனை ஃபாரஸ்ட்காரங்க தேடுறாங்க, முன்ஜாமீன் கிடைக்குமா?

கூடலூரான்: அவசரம். மச்சினன் வீட்டுக்கு நேத்து ராத்திரி வனத்துறை ஆளுங்க வந்திருக்காங்க. அவன் இல்ல, பைக்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கூட வேட்டைக்குப் போன ரெண்டு பேரு உள்ள. முன்ஜாமீன் போடலாமா? எத்தன நாள் ஆகும்?

அரசரடி: என்ன மிருகம்? எந்த இடம்? நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய் (மிருகத்துக்கு வைக்கிற நாட்டு வெடி) இருந்துச்சா? ஒண்ணுமே சொல்லாம கேட்டா எப்படிங்க?

வரப்போரம்: எஃப்.ஐ.ஆர் நம்பர் போடுங்க.

மலையடி: முயலாத்தான் இருக்கும். ரேஞ்ச் ஆபீஸ்ல அபராதம் கட்டினா முடிஞ்சது. முன்ஜாமீன்னு போனா அவங்களுக்கு ரோஷம் வந்துரும்.

சட்டப்புள்ளி: பழைய இழைகளைப் படிச்சுட்டு வந்து கேட்டா என்ன குறைஞ்சா போகும்? வனத்துறை வழக்குல எஃப்.ஐ.ஆர் தேடாதீங்க, அவங்க போடுறது வன உயிரினக் குற்ற அறிக்கை. எஃப்.ஐ.ஆர் இல்லாமலே முன்ஜாமீன் கேக்கலாம்னு 1980-லயே சிப்பியா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 482-வது பிரிவுல போடணும்.

ஓரமா_நிக்கிறேன்: 482 வழக்கை ரத்து பண்றதுக்கு இல்லையா?

சட்டப்புள்ளி: அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலை 1-லயிருந்து புதுச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்), அதுல 482 முன்ஜாமீன், ரத்து 528. செய்தித்தாள் படிங்க தம்பி.

கூடலூரான்: முயல்தான் சார். கண்ணி வச்சிருக்காங்க. துப்பாக்கி இல்ல.

அரசரடி: இடம்? சரணாலயத்துக்குள்ளன்னா முயலுக்கே 3 வருஷத்துக்குக் குறையாது, 7 வரைக்கும் போகும். வெளியன்னா 3 வருஷம் வரைக்கும்.

ஓரமா_நிக்கிறேன்: 3 வருஷம் வரைன்னா ஸ்டேஷன் ஜாமீன் தானே? முன்ஜாமீனே எதுக்கு?

சட்டப்புள்ளி: 3 வருஷத்துக்குக் கீழ இருந்தாத்தான் அது. '3 வருஷம் வரை'ன்னு இருந்தாலும் ஜாமீன்ல விடமுடியாத குற்றம்தான்னு 2022-ல ஒரு காப்பிரைட் வழக்குல தீர்ப்பு இருக்கு.

ஓரமா_நிக்கிறேன்: காப்பிரைட்டுக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம்?

சட்டப்புள்ளி: தண்டனைக் கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணு. புரியலன்னா விடுங்க.

மலையடி: காட்டுப்பன்னி கடலையைத் தோண்டிப் போட்டா மட்டும் ஒரு ஆபீசரும் வர்றதில்ல. அதுக்கு எந்தப் பிரிவு?

வரப்போரம்: அதுக்குத் தனி இழை போடுங்கண்ணே.

கூடலூரான்: இப்பத்தான் பேசுனேன். பட்டா நிலம்தானாம். சாக்குல ஒரு உடும்பும் இருந்துச்சாம். அதை ஸ்டேட்டஸா வேற வச்சிருக்கான் மச்சினன்.

அரசரடி: இதைத்தானய்யா முதல்லயிருந்து கேக்குறேன்! உடும்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 1-வது அட்டவணை, அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியல். எந்த நிலமா இருந்தாலும் குறைஞ்சது 3 வருஷம், 25,000 அபராதம். மலையடி அண்ணன் சொன்ன மாதிரி அபராதம் கட்டி சமரசமா முடிக்க வழியில்ல, குறைந்தபட்ச சிறை உள்ள குற்றத்துக்கு அந்தச் சட்டத்தோட 54-வது பிரிவுல அது கிடையாது. முன்ஜாமீன் கேக்கத் தடையில்ல. முதல்ல மாவட்ட செஷன்ஸ், தள்ளுபடியானா உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. கண்ணி, சாக்கு, பைக் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு, இவன்கிட்ட இனிமே கைப்பற்ற ஒண்ணுமில்லன்னு மனுவுல எழுதச் சொல்லுங்க. ஸ்டேட்டஸை அழிக்க வேண்டாம், சாட்சியத்தை அழிச்சான்னு அதுவே திரும்பும். முன்னாடி இந்தச் சட்டத்துல தண்டனை வாங்கியிருக்கானா? அப்படி இருந்தா ஜாமீனைக் கஷ்டமாக்குற பிரிவுதான் 51ஏ.

கூடலூரான்: வக்கீலைப் பாத்தாச்சு. திங்கக்கிழமை மனு வருது. நன்றி எல்லாருக்கும். 2 வருஷத்துக்கு முன்னாடி ஒரு கேஸ் இருக்காம், எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.

அரசரடி: தண்டனை ஆச்சா, நிலுவையா?

அரசரடி: கூடலூரான், இருக்கீங்களா?