உள்ளங்கை வியர்வைக்கு போடாக்ஸ் ஊசி: வலி குறைக்க என்ன பண்ணலாம்?

தூத்துக்குடி பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசுல இருந்தே எனக்கு உள்ளங்கை வியர்க்கும், சும்மா ஈரமா இருக்குறது இல்ல, சொட்டும். பரீட்சைல கைக்கு அடியில கர்ச்சீப் வச்சுதான் எழுதுவேன், இப்ப ஆபீஸ்ல கைரேகை மெஷின் என் விரலை எடுக்கவே மாட்டேங்குது. அலுமினியம் குளோரைடு லோஷன் ராத்திரி ராத்திரி தடவிப் பாத்தாச்சு, தோல் எரிஞ்சதுதான் மிச்சம். தண்ணிக்குள்ள கைய வச்சு கரண்ட் விடுற அயன்டோபோரஸிஸ் கேக்குது, ஆனா விட்டா திரும்ப வந்துடுது, வேலைக்கு நடுவுல தொடர்ந்து பண்ண முடியல. இப்ப தோல் டாக்டர் போடாக்ஸ் (நரம்பு சிக்னல கொஞ்ச காலத்துக்கு தடுக்குற ஊசி மருந்து) போடலாம்னு சொல்றார். ஒரு கையிலயே முப்பது நாப்பது இடத்துல குத்துவாங்களாம். வலிக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா, மரத்துப்போற கிரீம் தடவிடுவோம், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு அங்க சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை வரல. உள்ளங்கைல போட்டுக்கிட்டவங்க யாராச்சும் உண்மையைச் சொல்லுங்க ப்ளீஸ்.

மலைக்கோட்டை செந்தில்:
சிஸ்டர், எறும்புக்கடி எல்லாம் இல்ல, நல்லாவே வலிக்கும். நான் முதல்ல ஒரு கிளினிக்ல வெறும் கிரீமோட போட்டுக்கிட்டேன். உள்ளங்கை நடுவுல கூட பல்லைக் கடிச்சுக்கிட்டு தாங்கிடலாம், விரல் நுனிக்கு வந்ததும் என்னையும் அறியாம கைய இழுத்துட்டேன், அவங்க என்னடான்னா அசையாதீங்க அசையாதீங்கன்னு சத்தம் போட்டாங்களே தவிர வலிக்கு ஒண்ணும் பண்ணல. மருந்து நல்லா வேலை செஞ்சுது, ஒரு வாரத்துல கை காய ஆரம்பிச்சு மாசக்கணக்குல அப்படியே இருந்துச்சு, அதனாலதான் திரும்ப போட்டுக்கணும்னு தோணுச்சு, ஆனா அதே இடத்துக்குப் போகல.

அடுத்த தடவை வேற டாக்டர்கிட்ட போனேன். அவர் முதல்ல கை பூரா அயோடின் பூசி காயவிட்டு மேல ஸ்டார்ச் மாவு தூவினார், வியர்க்குற இடம் மட்டும் கருநீலமா திட்டுத் திட்டா தெரிஞ்சுது, அத பேனாவால கோடு போட்டு குறிச்சுக்கிட்டார். அப்புறம் மணிக்கட்டுல நரம்பு பிளாக், அதாவது கைக்குப் போற நரம்ப மரத்துப்போக வைக்குற ஊசி, போட்டார். அந்த ஊசி வலிச்சுது, விரல் வரைக்கும் சுரீர்னு ஒரு ஷாக் ஓடுச்சு, சொன்ன உடனே ஊசிய கொஞ்சம் பின்னால இழுத்துட்டு மருந்து விட்டார். கொஞ்ச நேரத்துல கை தடிச்சுப்போய் என் கை மாதிரியே இல்ல. அதுக்கப்புறம் அவர் குத்துனது தெரிஞ்சுது, வலி தெரியல. பிளாக் போடுவீங்களான்னு கேளுங்க, மாட்டோம்னா வேற இடம் பாருங்க.

தோல் டாக்டர் மதுரை:
செந்தில் சொன்னது சரி. நான் இந்த ஊசி போடுறவதான், கொஞ்சம் விளக்கமா சொல்றேன். உள்ளங்கைத் தோல் ரொம்ப தடிப்பு, மரத்துப்போக தடவுற லிக்னோகெயின் பிரிலோகெயின் கிரீம் உள்ள இறங்குறது கஷ்டம். அக்குள்ல தடவி மேல பிளாஸ்டிக் சுத்தி ஒரு மணி நேரம் விட்டா நல்லா கேக்கும், அதே நம்பிக்கைல உள்ளங்கைக்கும் அதையே தடவுறாங்க. அங்கதான் நோயாளி கஷ்டப்படுறாங்க.

மணிக்கட்டுல மீடியன், உல்நார்னு ரெண்டு நரம்பு, கட்டைவிரல் அடிப்பகுதிக்கு ரேடியலோட கிளையும் சேர்த்து பிளாக் பண்ணா கை பூராவும் மரத்துடும். போடும்போது விரல்ல ஷாக் அடிச்சா உடனே சொல்லிடணும், நரம்புக்குள்ள மருந்து போகக்கூடாது. அல்ட்ராசவுண்ட் பாத்து போடுறவங்க இருந்தா இன்னும் நல்லது.

பிளாக் வேண்டாம்னா ஐஸ் இருக்கு. சும்மா பக்கத்துல வச்சா பத்தாது, குத்தப்போற இடத்துலயே சில செகண்ட் அழுத்தி வச்சு எடுத்த கையோட குத்தணும். கூடவே பக்கத்துல வைப்ரேட்டர் வச்சா அந்த அதிர்வு வலி உணர்வ மறைக்கும், மெல்சாக், வால்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1965ல சொன்ன கேட் கண்ட்ரோல் விஷயம்தான் இது. ஊசி மெல்லிசா, 30 இல்லன்னா 32 கேஜ் (நம்பர் கூடக்கூட ஊசி மெல்லிசு) இருக்கட்டும். தடிச்ச தோல்ல பத்து குத்துக்குள்ளயே முனை மழுங்கிடும், அதே ஊசியால கடைசி வரைக்கும் குத்துறதுதான் பாதி வலிக்கு காரணம், நடுவுல மாத்தச் சொல்லுங்க. போடாக்ஸ் பவுடர கரைக்க பென்சைல் ஆல்கஹால்ங்கற பிரிசர்வேடிவ் கலந்த சலைன் (உப்புத்தண்ணி) எடுத்தா எரிச்சல் கம்மின்னு ஆய்வுகள்ல வந்திருக்கு, நிறைய பேர் அதத்தான் எடுக்குறோம், ஆனா கம்பெனி லேபிள்ல பிரிசர்வேடிவ் இல்லாத சலைன்தான் போட்டிருக்கு, அதனால உங்க டாக்டர் முடிவுக்கு விட்டுடுங்க.

வலி சம்பந்தப்படாத ஒண்ணையும் சொல்லிடுறேன். அமெரிக்காவுல 2004ல அனுமதி கொடுத்தது அக்குள் வியர்வைக்குத்தான், உள்ளங்கைக்கு போடுறது டாக்டரோட அனுபவத்த வச்சுத்தான். சில வாரம் கட்டைவிரல் பிடிமானம் குறையலாம், பட்டன் போட, பாட்டில் மூடி திறக்க சிரமமா இருக்கும். கர்ப்பமா இருந்தாலோ மயஸ்தீனியா மாதிரி தசை நோய் இருந்தாலோ முன்னாடியே சொல்லிடுங்க.

ஆதி அம்மா:
என் பையனுக்கு செரிப்ரல் பால்ஸி (மூளை பாதிப்பால கை கால் அசைவு பாதிக்குற நிலை), இறுகிப்போன கெண்டைக்கால் தசைக்கு இதே மருந்து போடுறோம். அவனுக்கு கிரீம் தோல் வலிக்கு உதவுது, ஆனா ஊசி தசைக்குள்ள போறப்ப வலி இருக்கத்தான் செய்யுது, அதனால லேசா மயக்கம் வர மருந்து கொடுத்துட்டுதான் போடுறாங்க. முன்ன ஒரு இடத்துல நாலு பேரா சேர்ந்து அமுக்கிப் பிடிச்சு போட்டாங்க, அதுக்கப்புறம் வெள்ளை கோட் பாத்தாலே பிள்ளை அலறுவான். பெரியவங்க நாமளாச்சும் வாயத் திறந்து கேக்கலாம், கேளுங்கம்மா, தயங்காதீங்க.

தூத்துக்குடி பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர் மேடம், ரெண்டு கைக்கும் ஒரே நாள்ல பிளாக் போட்டுக்கலாமா? நான் தனியாதான் தங்கியிருக்கேன்.

தோல் டாக்டர் மதுரை:
போடலாம், ஆனா தனியா இருக்கீங்கன்னா ஒரு நாளைக்கு ஒரு கைன்னு வச்சுக்கோங்க. ரெண்டு கையும் மரத்துப்போச்சுன்னா போன் எடுக்கக்கூட ஆவாது. மரப்பு போக சில மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் சூடு தெரியாது, டீ டம்ளர், அடுப்பு பக்கம் போகாதீங்க. வண்டி ஓட்டவே கூடாது. சாப்பிட்டுட்டு போங்க, வெறும் வயித்துல போனா சிலருக்கு மயக்கம் வரும், படுத்துக்கிட்டே போட்டுக்கோங்க. துணைக்கு ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.