நடன இரவில் வாக்த்ரூ வேண்டுமா, ரீகேப் போதுமா?

ரீல்பித்தன்
ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் (ஸ்காட்லாந்தின் ஜோடிக் குழு நடனம்) பால்களில், அதாவது நடன விருந்துகளில், இசைக்கு முன் எம்.சி. (நிகழ்ச்சியை நடத்துபவர்) அசைவுகளை ஒரு நிமிடத்தில் வாயால் சொல்லி முடிப்பார். அதுதான் ரீகேப். வாக்த்ரூ, அதாவது இசையில்லாமல் அசைவுகளை நடந்து பார்ப்பது, கிடையாது. இந்த வழக்கம் சரி என்பேன். 20 நடனத்துக்கும் தலா 4 நிமிடம் வாக்த்ரூ என்றால் 80 நிமிடம் காலி. பேண்ட் சும்மா உட்கார்ந்திருக்கும். நிரல் முன்பே கையில் இருக்கிறது, படித்துவிட்டு வரட்டும்.

நாலாம்ஜோடி
படிச்சது காலுக்கு வரணுமே! ஒரு செட்டில் (எதிரெதிர் வரிசையா நிற்கும் ஜோடிகளின் குழு) 2-ம் ஜோடி மேலே, பேண்ட் பக்கமா, ஏறுவதையே எடுத்துக்கோங்க. முதல் ஜோடி வெளிப்புறமாச் சுற்றி இறங்கும்போது, பல நடனங்களில் 3, 4-ம் பாரில் (இசையின் தாள அளவு) 2-ம் ஜோடி ஓரிடம் மேலே நகரணும். ரீகேப்பில் இதைப் பெரும்பாலும் சொல்லமாட்டாங்க. நகராவிட்டால் முதல் ஜோடிக்கு நிற்க இடமில்லை, அடுத்து மூவர் பின்னிப் பின்னிச் சுற்றும் ரீலில் எட்டு வடிவம் விழாது, தோள்தான் இடிக்கும்.

ரீல்பித்தன்
தெரியாதவர் மேலே நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நான்கு ஜோடி செட்டில் ஒரு நேரத்தில் மூன்று ஜோடிதான் ஆடும்; சுற்றுக்கு 32 பார், மொத்தம் 8 சுற்று, ஜோடிக்கு இரு சுற்று தலைமை. முதல் சுற்றில் 4-ம் ஜோடிக்கு வேலையே இல்லை. தலைமை ஏற்பது 7-ம் சுற்றில். அதற்குள் ஆறு முறை பார்த்தாயிற்று.

நாலாம்ஜோடி
2-ம் சுற்றிலேயே அவங்க துணை ஜோடி (தலைமை ஜோடியோடு சேர்ந்து ஆடுபவங்க) ஆயிடறாங்களே! 'ரீல் ஆஃப் தி 51ஸ்ட் டிவிஷன்' பாருங்க. 1940-ல் ஜெர்மனியிடம் சிக்கிய ஸ்காட்டிஷ் போர்க்கைதிகள் முகாமில் உருவாக்கினது. மூலைவிட்டமா நால்வர் கைகோக்கும் வரிதான் அதில் செயின்ட் ஆண்ட்ரூ சிலுவை (ஸ்காட்லாந்து கொடியின் X வடிவம்). மூலையில் நிற்பவர் கை நீட்டத் தவறினால் சிலுவை அறுந்துபோச்சு. அந்த மூலையில் நிற்பதே துணை ஜோடிங்கதான்.

செட்எண்ணி
ரெண்டு பேரும் பெரிய வில்லனை விட்டுட்டீங்க: நடுவில் நுழைபவர். பேண்ட் பக்கம்தான் மேல்முனை. அங்கே நிற்கும் முதல் ஆண் இறங்கி வந்து நாலு நாலாக எண்ணுவார். எண்ணிய பிறகு ஒரு ஜோடி இடையில் சொருகினால் கீழே எல்லாருக்கும் எண் மாறிடும். 4-ம் ஜோடின்னு நிம்மதியா நின்றவங்க திடீர்னு முதல் ஜோடி! வரிசையின் வாலில்தான் சேரணும். சேர்ந்தபின் நழுவினால் மீதி ஆறு பேர் அம்போ.

ரீல்பித்தன்
முழுக்க ஒப்புக்கொள்கிறேன். தவறியவரைத் தோளைப் பிடித்துத் தள்ளுவதும் அதே அளவு அநாகரிகம். கண்ணால் காட்டலாம், கையை முன்கூட்டியே நீட்டலாம். வழி தொலைந்தவர் தேடி ஓடாமல், அந்த அசைவு முடிந்ததும் இருக்கவேண்டிய இடத்தில் போய் நின்றால் போதும், நடனம் தானாக வந்து அவரைச் சேர்த்துக்கொள்ளும். வாக்த்ரூ எதற்கு?

நாலாம்ஜோடி
அந்த "இருக்கவேண்டிய இடம்" எதுன்னு தெரியத்தான்! மெதுவான தாளமான ஸ்ட்ராத்ஸ்பே 8 சுற்றுக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல ஓடும், யோசிக்க நேரமுண்டு, அதுக்கு ரீகேப் போதும்னு விட்டுக்கொடுக்கிறேன். வேகத் தாளங்களான ரீல், ஜிக்குக்கு மட்டும் ஒரே ஒரு செட் நடுவில் நடந்து காட்டட்டும், மற்றவங்க நின்னு பார்க்கட்டும். ஒன்றரை நிமிஷம். பேண்டுக்காரர் தண்ணி குடிக்கிற நேரம்தான்.