கடல் தூண்டில்: குறைந்த பட்ஜெட்டுக்கு எந்த ராடு?

கேள்வி: கரையில் நின்று வீச ஒரு ராடு வேண்டும், கையில் காசு அதிகம் இல்லை. கார்பனா, ஃபைபர் கிளாஸா?

பதில் 1: ஃபைபர் கிளாஸே எடுங்கள். கொஞ்சம் கனம்தான், ஆனால் பாறையில் இடித்தாலும் சட்டென்று உடையாது. என் கார்பன் ராடு முதல் வாரமே கார் கதவில் மாட்டி உடைந்துபோய்விட்டது.

பதில் 2: முதலில் லைன், அதாவது தூண்டில் நூல், ஓடும் வளையங்களைப் பாருங்கள். பஞ்சை உள்ளே விட்டு இழுத்தால் இழை சிக்குகிறதா, அப்போது வளையத்தின் உள்பக்கப் பீங்கானில் விரிசல் இருக்கிறது, லைனை அறுத்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மடக்கு ராடு வேண்டாம், மணலும் உப்பும் புகுந்து இறுகிக்கொள்ளும்.

கேட்டவர்: சரி, நீளம்?

பதில் 2: மணற்கரைக்கு 10 முதல் 12 அடி, படகுக்கு 6, 7 போதும். அப்புறம், வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், நூல் சுற்றும் ரீல் மாட்டும் இடத்தையும் சேர்த்து.