40 படுக்கை மருத்துவமனைக்குத் திறமூல மென்பொருள்: எந்தத் தரவுத்தளம், எந்தப் பயிற்சிக் காணொளி?

கேள்வி: குழித்துறைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துக்கு அருகில் ஓர் அறக்கட்டளை நடத்தும் 40 படுக்கை மருத்துவமனையில் கணக்குப் பிரிவோடு சேர்த்துக் கணினிகளையும் நான்தான் கவனித்து வருகிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 புறநோயாளிகள் வருகிறார்கள். மருந்தகத்தில் ஒரு பில்லிங் மென்பொருள் ஓடுவதைத் தவிர, ஓ.பி. சீட்டு, வார்டுக் குறிப்பேடு, ஆய்வக முடிவு எல்லாம் இன்றுவரை காகிதத்தில்தான் இருக்கின்றன. வரும் நிதியாண்டில் திறமூல மருத்துவமனை மென்பொருள் ஒன்றுக்கு மாறலாம் என்று நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, போஸ்ட்கிரஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல், மரியாடிபி ஆகிய தரவுத்தளங்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது? தம் மென்பொருளை விற்க வந்த ஒருவர், இலவசத் தரவுத்தளம் ஐந்தாண்டுச் சுமையைத் தாங்காது என்று குழுவின் முன்னிலையிலேயே சொல்லிவிட்டுப் போனார். அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, பயிற்சி. இணையத்தில் கிடைத்த ஒரு மணி நேர ஆங்கிலக் காணொளி ஒன்றைச் செவிலியர்களுக்குப் போட்டுக் காட்டினேன். பதினைந்தாவது நிமிடத்தில் வார்டிலிருந்து அழைப்பு வந்தது; எழுந்து போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

பதில்: வேளிமலை

ஐயா, வணக்கம். உங்கள் முதல் கேள்வியின் வரிசையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மருத்துவமனை மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே தரவுத்தளமும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதை நாம் தனியே தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் குறைவு. திறமூல மருத்துவமனை மென்பொருள்களுள் ஜிஎன்யூ ஹெல்த், டிரைட்டன் என்ற கட்டமைப்பின் மேல் பைத்தானில் எழுதப்பட்டது. அதற்குப் போஸ்ட்கிரஸ்கியூஎல் வேண்டும். ஓப்பன்ஈஎம்ஆர் பிஎச்பியில் எழுதப்பட்டது. மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டில் எதிலும் ஓடும். 2004இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் ஜாவாவில் எழுதப்பட்டு, மைஎஸ்கியூஎல் வழியிலேயே வளர்ந்தது. பாமினி, மன்னிக்கவும், பாம்னி என்று எழுத வேண்டும், பாமினி என்ற பழைய தமிழ்த் தட்டச்சு எழுத்துருவின் பழக்கம் இன்னும் கையை விடவில்லை. அந்தப் பாம்னி, ஓப்பன்எம்ஆர்எஸ்ஸோடு ஆய்வகத்துக்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கும் சரக்கிருப்புக்கும் ஓடூ, எக்ஸ்ரே படங்களைச் சேமித்துக் காட்ட ஒரு பேக்ஸ் சர்வர் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியது. அதில் மருத்துவக் குறிப்புகள் மைஎஸ்கியூஎல்லிலும், ஆய்வகமும் பில்லும் போஸ்ட்கிரஸ்கியூஎல்லிலும் இருக்கும்.

அந்த விற்பனையாளருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு எளியது. ஒரு நோயாளியின் ஒரு வருகைக்குப் பதிவு, ரத்த அழுத்தம், நோயறிதல், மருந்து, பரிசோதனை, பில் என்று தாராளமாக 40 பதிவு வரிகள் (ரோ) தரவுத்தளத்தில் சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 150 பேருக்கு 6,000 வரிகள்; ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 18 லட்சம்; ஐந்தாண்டுக்கு 90 லட்சம். தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் ஒழுங்காக அமைந்திருந்தால் இந்த அளவு மேற்சொன்ன எந்தத் தரவுத்தளத்துக்கும் ஒரு சுமையே அன்று. இடத்தை அடைப்பவை எக்ஸ்ரே படங்கள்தாம். ஆனால் அவை தரவுத்தளத்துக்குள் போவதில்லை, கோப்புகளாக வட்டில் தனியே இருக்கும். அதற்கு வட்டு வாங்க வேண்டுமே தவிர, தரவுத்தள உரிமம் வாங்க வேண்டியதில்லை.

மைஎஸ்கியூஎல் 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதைக் காட்டிச் சிலர் அச்சுறுத்துவார்கள். அதன் சமூகப் பதிப்பு இன்றும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில்தான் இருக்கிறது. அந்த அச்சத்தாலேயே 2009இல் பிரிந்து வந்த மரியாடிபியும் இருக்கிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது பதிப்பு எண். மைஎஸ்கியூஎல் 5.7க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பழைய நிறுவல் வழிகாட்டிகளும் காணொளிகளும் இன்னும் அதையே காட்டுகின்றன. அவற்றைப் பார்த்து அப்படியே நிறுவிவிட வேண்டாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், ஆய்வகமும் வார்டும் உள்ள உங்கள் மருத்துவமனைக்குப் பாம்னியை முதலில் பார்க்கச் சொல்வேன். சத்தீஸ்கரில் கனியாரி என்ற ஊரில் இயங்கும் கிராம மருத்துவமனையின் தேவையிலிருந்து உருவானது என்பதால், கூட்டம் நிறைந்த ஓ.பி.யை அது அறியும். ஓப்பன்ஈஎம்ஆர் அமெரிக்க மருத்துவர்களின் காப்பீட்டு நடைமுறையை ஒட்டி வளர்ந்தது. நமக்குப் பயன்படாத திரைகள் அதில் நிறைய உண்டு. ஆனால் நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள் என்றால், ஒரே தரவுத்தளத்தோடு நிற்கும் ஜிஎன்யூ ஹெல்த் உங்கள் தலைவலியைக் குறைக்கும். இரண்டு வகைத் தரவுத்தளம் என்றால் பேக்கப், மேம்படுத்தல், பழுது எல்லாம் இரண்டிரண்டு முறை.

பதில்: பேச்சிப்பாறை

வேளிமலை ஐயா சொன்னவற்றுள் கடைசிக் கருத்தோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு தரவுத்தளங்களுக்கும் இரவில் பேக்கப் எடுக்க ஒரே ஸ்கிரிப்ட் போதும். ஒருமுறை எழுதிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். தொல்லை எங்கே என்றால், அது உண்மையிலேயே ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் எட்டு மாதங்களாக ஒவ்வொரு நாளும் பேக்கப் கோப்பு உருவாகிக்கொண்டிருந்தது. வட்டு பழுதான அன்று திறந்து பார்த்தபோது எல்லாக் கோப்புகளும் வெறுமையாக இருந்தன. இடையில் யாரோ கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில் பேக்கப்பை மீட்டெடுத்து, முந்தைய நாளின் கடைசி ஓ.பி. எண் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இடியும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். போஸ்ட்கிரஸ்கியூஎல்லும், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு அமைப்பும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிவுக்கோப்பில் எழுதிவிட்டுத்தான் உறுதிசெய்கின்றன. ஆகவே திடீரென்று கரண்ட் போனாலும் மீண்டு எழும்போது தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும். மைஎஸ்கியூஎல்லின் மிகப் பழைய மைஐசாம் வகை அட்டவணைகளுக்கு அந்தத் திறன் இல்லை; எங்காவது கண்டால் மாற்றிவிடுங்கள். மலிவான எஸ்எஸ்டி சில, வட்டில் எழுதாமலேயே எழுதிவிட்டதாகத் தரவுத்தளத்திடம் சொல்லிவிடும். எனவே சர்வருக்குத் தனி யூபிஎஸ் வையுங்கள். மின்கலம் தீரும் முன் சர்வரைத் தானே முறையாக அணைக்கும் ஏற்பாட்டையும் செய்யுங்கள். பேக்கப்பின் ஒரு படி அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

பதில்: தோவாளைப் பிச்சி

நான் கணினிப் பிரிவு அல்ல. செவிலியராகப் பணியாற்றி, இப்போது புதிதாகச் சேரும் செவிலியர்களுக்குப் பதிவேட்டு முறையைக் கற்பிக்கிறேன். ஆகவே இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஒரு மணி நேரக் காணொளியின் இடையில் எழுந்து போன செவிலியர்கள் மீது பிழையில்லை. அந்தக் காணொளி, மென்பொருளில் என்னென்ன இருக்கின்றன என்று வாங்குபவருக்குக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டது. இரவு டூட்டியில் இருக்கும் செவிலியருக்கு வேண்டியது, மருத்துவர் ஊசி மருந்தை மாற்றிவிட்டால் பழைய ஆணையை எங்கே நிறுத்துவது என்ற ஒன்றுதான். அதற்கு மூன்று நிமிடம் போதும். உங்களைப் போன்றவர்களுக்கான காணொளி வேறு, எங்களுக்கானது வேறு என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கானவை ஏற்கெனவே நல்லபடியாக இருக்கின்றன. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், லிப்ரேஆபீஸ் முதலியவற்றுக்குப் பத்து நிமிட அளவில் தமிழ் ஒலியோடு பாடங்கள் உண்டு. காணொளியை ஒரு பக்கத்திலும் மென்பொருளை மறுபக்கத்திலும் திறந்து, நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்கும் முறையில் அமைந்தவை. எங்கள் கணினிப் பையன் தரவுத்தளத்தின் அடிப்படையை என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தில் படித்தான். ஆனால் அவை கல்லூரிப் பாடங்கள், வாரக்கணக்கில் உட்கார வேண்டும்.

செவிலியர்களுக்கும் பதிவுக் கவுண்டருக்கும் வேண்டிய காணொளிகளை நீங்களே எடுத்துவிடுங்கள் என்பது என் துணிவான கருத்து. ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற திறமூல மென்பொருளில் திரையைப் பதிவுசெய்யலாம். ஒலி தெளிவாக இருந்தால் போதும், இசையும் அலங்காரமும் வேண்டா. உங்கள் மருத்துவமனையின் திரையே தெரிய வேண்டும். ஏனெனில் வேறு இடத்துப் படிவத்தில் உள்ள பொத்தான் உங்கள் படிவத்தில் இருக்காது. பேசுபவர் நீங்களாக இருப்பதைவிட ஒரு மூத்த செவிலியராக இருப்பது நல்லது. நோயாளி பனி என்று சொல்வதைக் காய்ச்சல் என்று எங்கே பதிவது என்பதை அவர்தான் இயல்பாகச் சொல்வார். காணொளியில் உண்மையான நோயாளியின் பெயரோ எண்ணோ ஒரு நொடி கூடத் தெரியக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகு இது வெறும் நாகரிகமாக மட்டும் இல்லை. கற்பனை நோயாளிகளைக் கொண்ட தனிப் பயிற்சித் தரவுத்தளம் ஒன்றை அமைத்து, அதிலேயே படம் பிடியுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு சாயா குடிப்பதற்குள் பார்த்து முடித்து, உடனே அதே பயிற்சித் திரையில் ஒருமுறை செய்து பார்க்கட்டும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுத் திரை மாறினால், மூன்று நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.

குழித்துறைக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. சிஸ்டர் சொன்ன பயிற்சித் தரவுத்தளம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு கேள்வி உண்டு. எங்கள் நோயாளிகளின் பெயரைத் தமிழிலும் பதிய விரும்புகிறோம்; எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்து வருபவர்களுக்கு மலையாளத்திலும் கேட்கிறார்கள். இதில் தரவுத்தளத்தால் சிக்கல் வருமா?

பதில்: வேளிமலை

வரும், தொடக்கத்திலேயே பார்த்துக்கொண்டால் சிறியது. மைஎஸ்கியூஎல்லில் எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 என்றும், போஸ்ட்கிரஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்றும் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே வையுங்கள். பழைய லத்தீன் குறியாக்கத்தில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். பிறகு மீட்கவும் முடியாது. கிறிஸ்துராஜ் என்ற பெயர் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குக் குறில் நெடில் அடையாளங்களும் புள்ளிகளும் சேர்ந்து 12 குறிகள், 36 பைட்டுகள். ஆகவே பெயருக்கான புலத்தை நீளமாகவே வையுங்கள்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒகர வரிசையில் இருக்கிறது. கொ என்ற எழுத்தின் உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது, அதே நோயாளிக்கு இரண்டாவது எண் போட்டுவிடுவார்கள். சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். போஸ்ட்கிரஸ்கியூஎல் 13 முதல் அதற்கென ஒரு செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. அகரவரிசையும் அப்படித்தான்: யூனிகோடு எண் வரிசையில் ந-வை அடுத்து ன-வும், ர-வை அடுத்து ற-வும் வந்துவிடும். போஸ்ட்கிரஸ்கியூஎல் 10 முதல் கிடைக்கும், ஐசியூ என்ற யூனிகோடு மென்பொருள் நூலகத்தின் வரிசைமுறையில் தமிழுக்கானதைத் தேர்ந்தால் பட்டியல் நம் வரிசைப்படி வரும்.

சிஸ்டர் சொன்ன பனிக்கும் வழி உண்டு. ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் கலைச்சொல் அகராதியில் ஒரு நோய்க்குறிக்கு எத்தனை மாற்றுப்பெயர்களையும் மொழிவாரியாகச் சேர்க்கலாம். காய்ச்சலுக்கு மாற்றுப்பெயராகப் பனியையும் சேர்த்துவிடுங்கள்.

குழித்துறைக்காரன்

குழுவிடம் 90 லட்சம் பதிவு வரிகள் என்ற கணக்கைக் காட்டினேன். தரவுத்தளம் தாங்குமா என்ற பேச்சு அதோடு நின்றது. அடுத்த கேள்வி யூபிஎஸ் எவ்வளவு ஆகும் என்பதுதான். பாம்னியை ஒரு பழைய கணினியில் நிறுவி, 30 கற்பனை நோயாளிகளை ஏற்றிப் பார்க்கப்போகிறேன். இரவு டூட்டிக்கு இருக்கும் எங்கள் மூத்த சிஸ்டர் ஒருவர் பேசுவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார், முகம் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. பேச்சிப்பாறை ஐயா சொன்னபடி முதல் மீட்டெடுப்பைச் செய்து பார்த்துவிட்டு, எத்தனை நிமிடம் பிடித்தது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.