வெள்ளை போர்டு அலமாரியும் புத்தக ஷெல்ஃபும்: நம்ம ஊர் ஈரத்தில் எப்படி அழகாக்குவது?

களியக்காவிளை_வாடகைவீடு

எல்லோருக்கும் வணக்கம். களியக்காவிளையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆன்லைனில் வாங்கிய இரண்டு சாமான்கள்: ஒரு இரட்டைக் கதவு அலமாரி, ஐந்து தட்டு புத்தக ஷெல்ஃப். இரண்டும் பெட்டியில் துண்டு துண்டாக வந்து, ஆலன் கீ வைத்து நாங்களே முடுக்கியது. இரண்டும் பளீரென்ற வெள்ளை. ஆஸ்பத்திரி சாமான் போல இருக்கிறது என்று மாமியார் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அலமாரியின் அடிப்பக்கம் மாப் போட்டுப் போட்டு லேசாக ஊதியிருக்கிறது. ஷெல்ஃபின் நடுத்தட்டு, என் வீட்டுக்காரருடைய பரீட்சை புத்தகங்களின் பாரத்தில் வளைந்துவிட்டது. மரத்தில் புதிதாகச் செய்ய இப்போது வசதியில்லை. மர டிசைன் ஸ்டிக்கர் ஒட்டலாமா, பெயிண்ட் அடிக்கலாமா? அல்லது வேறு ஏதாவது செய்து, நம்ம வீட்டுச் சாமான் என்று தோன்றும்படி மாற்ற முடியுமா? வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். சுவரில் சின்ன ஓட்டை போட ஓனர் சம்மதிப்பார்.

அருமனை_அக்கா

தங்கச்சி, ஸ்டிக்கர் வாங்க வேண்டாம். ஆடி மாதம் தாண்டும் முன்னே ஓரமெல்லாம் எழும்பும், நடுவில் குமிழ் வரும், குமிழுக்குள் ஈரம் தங்கும். உரிக்கும்போது பசை அப்பிக்கொண்டு அலமாரி இன்னும் மோசமாகும்.

நானும் தம்பியும் அருமனையில் பழைய அலமாரி, மேசை வாங்கிச் சரிசெய்து கொடுக்கிறோம். தேக்கு வருவது அபூர்வம். வருவதில் பெரும்பங்கு மரச்சில்லைப் பசை வைத்து அழுத்திய இந்தப் போர்டு சாமான்தான். இதை மட்டமாக நினைக்காதீர்கள். விளிம்பைக் காப்பாற்றினால் நல்ல உழைப்பு தரும். மேசைக் காலைக் கழற்றித் தட்டைப் பெட்டியில் அடைத்து விற்பதை ஸ்வீடன் கம்பெனி ஐகியா தொடங்கியது 1956-இல். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷம்! ஆனால் ஸ்வீடனில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்து கிடக்கும். நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. வீடியோவில் வெளிநாட்டுக்காரர்கள் நேரே கதவிலிருந்து தொடங்குகிறார்கள். இங்கே காலில் இருந்து தொடங்க வேண்டும்.

அலமாரியைக் காலி செய்து, இரண்டு பேர் பிடித்து மெதுவாகப் படுக்க வையுங்கள். அடி விளிம்பைப் பாருங்கள். கண்ணில் படும் விளிம்புகளுக்கு மட்டும் டேப் ஒட்டியிருப்பார்கள். தரையில் உட்காரும் விளிம்பு பெரும்பாலும் சும்மா விட்டிருக்கும். பழுப்பாக, சொரசொரவென்று, மரச்சில்லுகள் வெளியே தெரியும். பலகையின் முகத்தில் லேமினேட் என்ற வழவழப்பான மேலுறை இருப்பதால் அங்கே தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம். இந்த விளிம்பு மட்டும் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உறிஞ்சிவிடும். உங்கள் அலமாரி ஊதியது அப்படித்தான்.

முதலில் ஃபேன் காற்றில் நன்றாகக் காய விடுங்கள். அவசரப்படாதீர்கள், ஈரத்தோடு மூடினால் உள்ளே பூசணம் பிடிக்கும். காய்ந்தபின் உதிர்கிற பொடியைச் சுரண்டி எடுங்கள். ஃபெவிகாலில் சொட்டுத் தண்ணீர் கலந்து, பழைய பிரஷால் அந்த இடத்துக்குள் இறங்கும்படி ஊட்டுங்கள். இரண்டு பக்கமும் பாலிதீன் தாள், அதன்மேல் பலகைத் துண்டு, அப்புறம் கிளாம்ப். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் ஊதல் பெரும்பாலும் அமுங்கியிருக்கும். பின்பு அடி விளிம்பு நாலு பக்கமும் எனாமல் இரண்டு கோட்டிங். சொரசொரப்பான விளிம்பு முதல் கோட்டிங்கைக் குடித்துவிடும், அதனால்தான் இரண்டு. ஸ்க்ரூ போடத் துளைத்த ஓட்டைகளின் உள்பக்கமும் விடாதீர்கள்.

அதற்குமேல் கால். ஹார்டுவேர் கடையில் கிச்சன் கேபினட்டுக்கு விற்கும் நாலு இஞ்ச் பிளாஸ்டிக் கால் இருக்கிறது, திருகினால் உயரம் ஏறும் இறங்கும். அது கொள்ளாத சாமான் என்றால் மல்டிவுட் பட்டை வெட்டி அடியில் வையுங்கள். மல்டிவுட் பிவிசி நுரைப் பலகைதான். தண்ணீர் குடிக்காது, கரையான் தொடாது. நம்ம பக்கத்தில் நெல் போட்டு வைக்கும் பழைய பத்தாயம் எதுவும் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? காலும் மணையும் கொடுத்துத் தூக்கித்தான் வைத்திருப்பார்கள்.

இனி அழகு. அலமாரிக் கதவுக்கு நான் சொல்வது தாழம்பாய். தாழை ஓலையில் முடைந்த பாய்க்கு ஒரு மங்கிய தேன் நிறம் உண்டு. வெள்ளை அலமாரியின் நடுவில் அதைப் பதித்தால் ஆஸ்பத்திரிக் களை ஓடிவிடும். கொல்லம் பக்கம் தழவா ஊர் இந்தப் பாய்க்குப் பெயர் போனது. மெல்லிசாக வேண்டுமென்றால் பத்தமடைக் கோரைப் பாய். எதுவானாலும் வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் வேலை.

கதவில் ஓரத்தில் மூன்று விரல் அகலம் வெள்ளையாக விட்டு, பென்சிலால் கட்டம் போடுங்கள். கட்டத்துக்குள் மட்டும் 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேயுங்கள். பாயை வெட்டப் போகும் கோட்டின்மேல் முதலில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, டேப்பின் நடுவே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முடைச்சல் பிரிந்து வரும்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை உதவாது, லேமினேட்டில் அது பிடிக்காது. மஞ்சள் நிற ரப்பர் பசை வேண்டும், எஸ்ஆர் என்று கேட்டால் தருவார்கள். கதவிலும் பாயின் பின்புறத்திலும் மெல்லிசாக இழுத்துவிட்டுக் காத்திருங்கள். விரலால் தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வர வேண்டும். மழை நாளில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். இதில் ஒரு விஷயம்: இரண்டு பசை முகமும் தொட்டவுடன் பிடித்துவிடும், நகர்த்த முடியாது. அதனால் கதவின்மேல் ரீப்பர் என்கிற மெல்லிய மரப்பட்டைத் துண்டுகளைக் குறுக்கே வரிசையாக வைத்து, அவற்றின்மேல் பாயை விரித்துக் கோட்டுக்கு நேராக்குங்கள். நடு ரீப்பரை உருவிவிட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். பின்பு பக்கத்து ரீப்பர், அதற்கடுத்தது என்று நடுவிலிருந்து வெளியே போங்கள். காற்று சிக்காது, பாயும் கோணாது. இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பையனைப் பக்கத்தில் விட வேண்டாம்.

டேப் தெரியும் ஓரங்களை ரப்பர் மர பீடிங்கால், அதாவது மெல்லிய ஓரப்பட்டையால், மூடுங்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கம் பால் வற்றிய மரங்களை வெட்டுவதால் நமக்கு ரப்பர் மரம் சல்லிசு. ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தில் வண்டு சீக்கிரம் விழும், நீலக் கறை பாயும். மருந்து ஏற்றியது என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கடைசியாகப் பாயின்மேல் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய கோட்டிங். தூசி முடைச்சலுக்குள் இறங்காமல் இருக்கும். பாய் கனமில்லாததால் கீல் தொங்காது. சிலர் கதவில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள், அந்தப் பாரத்துக்குப் போர்டில் இருக்கும் கீல் ஸ்க்ரூ நிற்கவே நிற்காது.

ஷெல்ஃப் வளைந்தது எதிர்பார்த்ததுதான். இரண்டரை அடி நீளத்துப் போர்டு, புத்தகப் பாரத்தை நடுவில் தாங்கலே இல்லாமல் சுமக்கிறது. அந்தத் தட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போடுங்கள். முன் விளிம்புக்கு அடியில் ஒன்றரை இஞ்ச் ரப்பர் மர ரீப்பரை, அகலப் பக்கம் நெட்டாக நிற்கும்படி, பசை வைத்து ஸ்க்ரூ போடுங்கள். முன்னால் பார்க்க கனமான மரத்தட்டு மாதிரியும் இருக்கும், வளைவும் நிற்கும். நடுத்தட்டுக்கு மட்டும் செய்தால் தனியாகத் தெரியும், எல்லாத் தட்டுக்கும் செய்துவிடுங்கள்.

பின்பலகையைக் கழற்றிவிட்டால் ஷெல்ஃப் லேசாக, ஸ்டைலாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மூன்று மில்லிமீட்டர் பலகைதான் ஷெல்ஃபைக் கோணலாகச் சாயாமல் பிடித்திருக்கிறது. வேண்டுமானால் கழற்றி, திருப்பி, பழுப்புப் பக்கத்தில் பாலராமபுரம் கைத்தறித் துணியை வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டி, மறுபடி அதே இடத்தில் ஆணி அடியுங்கள். அந்தப் பக்கம் லேமினேட் இல்லாததால் வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்கும். கசவு என்கிற ஜரிகைக் கரையை மேலே வரும்படி வைத்தால் புத்தகங்களுக்குப் பின்னால் தங்கக் கோடு மாதிரி தெரியும்.

தக்கலை_ஆசாரி

அக்கா சொன்ன முறை சரி. பெயிண்ட் பற்றி நான் சொல்கிறேன்.

லேமினேட்டில் நேராக எனாமல் அடித்தால் நகத்தால் கீறினாலே உரிந்து வரும். 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்க்க வேண்டும். போர்டு தெரியும் அளவுக்குத் தேய்த்துவிடாதீர்கள். பொடியைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போக தின்னரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைப்பது முக்கியம். பின்பு லேமினேட்டில் பிடிக்கும் பிரைமர் என்று கடையில் சொல்லி வாங்குங்கள், சாதாரண மர பிரைமர் இதற்கு ஆகாது. பிரைமர் காய்ந்ததும் மறைவான மூலையில் செலோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். வராவிட்டால் தைரியமாகப் போகலாம்.

இரண்டு மெல்லிய கோட்டிங் போதும். மழை பெய்துகொண்டிருக்கும் வாரத்தில் தொடவே வேண்டாம். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே கெட்டிப்பட்டிருக்காது. அதற்குள் துணி அடுக்கினால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கீல் ஸ்க்ரூ லூசாகிச் சுற்றினால் பெரிய ஸ்க்ரூ போடாதீர்கள், போர்டு வெடிக்கும். மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிகாலில் நனைத்து ஓட்டைக்குள் இறுக அடைத்து, காய்ந்ததும் விளிம்போடு வெட்டி, சின்ன பிட்டால் துளைத்துப் பழைய ஸ்க்ரூவையே போடுங்கள். கடல் காற்று வரும் வீடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மற்றதெல்லாம் துரு ஏறி வெள்ளைப் போர்டில் கோடு இறக்கும்.

பாறசாலை_அம்மா

பையனுக்கு இரண்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். இரண்டையும் சுவரோடு கட்டாமல் விடாதீர்கள். குழந்தைகள் தட்டைப் படியாக நினைத்து ஏறுவார்கள். 2016-இல் அமெரிக்காவில் ஐகியா இழுப்பறை அலமாரிகளைக் கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். சுவரோடு கட்டாதவை கவிழ்ந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள். நாலு இஞ்ச் கால் வைத்தபின் உங்கள் அலமாரி இன்னும் உயரம், கவிழ்வதும் இன்னும் சுலபம்.

மேல் பலகையின் உள்பக்கம் இரண்டு எல் ஆங்கிள், சுவரில் பிளக். பழைய வீட்டுச் சுவர் வெட்டுக்கல்லாக இருந்தால் சின்ன பிளக் பூச்சில் மட்டும்தான் நிற்கும். கல்லுக்குள் இறங்கும் நீள பிளக் போடச் சொல்லுங்கள். கனமான புத்தகங்கள் எல்லாம் கீழ்த்தட்டில்.

களியக்காவிளை_வாடகைவீடு

மூவருக்கும் மிக்க நன்றி! இன்றைக்கே அலமாரியைக் காலி செய்கிறோம். அக்கா, இரண்டு சந்தேகம். எங்கள் அலமாரி மழை அடிக்கும் மேற்குச் சுவரில்தான் இருக்கிறது, வேறு இடம் இல்லை. பாய் பூசணம் பிடிக்காதா? அப்புறம், கதவைத் திறந்தால் இன்னும் புதுப் பலகை நெடி வருகிறது, பையன் துணி அதற்குள் வைக்கலாமா?

அருமனை_அக்கா

மேற்குச் சுவர்தான் வழி என்றால் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பாறசாலை அம்மா சொன்ன எல் ஆங்கிள் இருக்கும் உயரத்தில், சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு மல்டிவுட் துண்டு சொருகினால் ஸ்க்ரூவும் இறுகும், காற்றும் போகும். பாய் கதவின் வெளிமுகத்தில் மட்டும் இருக்கட்டும். உள்முகத்தில் ஒட்டினால் மூடிய இருட்டில் பூசணம் வரும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம். எங்காவது வெள்ளையாகப் பூத்தால் மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, கதவைத் திறந்து வெயில் படும்படி வையுங்கள்.

நெடி பலகை ஒட்டும் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு. பெட்டியிலோ சீட்டிலோ இ1 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது குறைவாக வெளிவிடும் வகை. மூடாத விளிம்பு வழியாகத்தான் அதிகம் வரும். அடி விளிம்புக்கு எனாமல் அடிக்கும்போதே தட்டுகளின் பின்விளிம்பு, கீல் குழி எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்துவிடுங்கள். பின்பு கதவைத் திறந்துபோட்டு ஃபேன் ஓட விடுங்கள். நெடி அடங்கும்வரை பையன் துணி வெளியே கூடையில் இருக்கட்டும்.

பாய் வாங்கப் போகும்போது கதவின் அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு கதவுக்கும் ஒரே பாயிலிருந்து வெட்டுங்கள். வேறு வேறு பாய் என்றால் நிறம் ஒத்து வராது, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பளிச்சென்று தெரியும்.